விஜயலக்ஷ்மி மாமியின் இரண்டாவது பெட்டி

இது நூற்றுக்கு நூறு நிஜமாக நடந்த கதை. கபாலி கோயில் கோபுரத்தின் மேல் சத்தியம். ஒரு வார்த்தை பொய் கலந்திருந்தால் என் இஸ்திரிப் பெட்டியில் கரி பற்றாமல் போகட்டும்.

சரி, ஒரு வார்த்தை கலந்திருக்கிறது. ஒன்றிரண்டு. துணியை இழுத்துப் பிடிக்காமல் இஸ்திரி போட முடியுமா? கதையும் அப்படித்தான். நான் கொஞ்சம் இழுப்பேன். ஆனால் துணி அதே துணிதான். ஒருத்தர் துணியை இன்னொருத்தர் வீட்டில் கொடுக்கிற வேலை நம்மிடம் கிடையாது.

அபிராமபுரத்தில் தூங்குமூஞ்சி மரத்தடியில் நிற்கிறது என் வண்டி. நேர் எதிரே ஜவஹரின் பிரவுசிங் சென்டர். வண்டியைச் சுற்றி எப்போதும் நாலு பேர் நிற்பார்கள். துணி வாங்க வந்தவர்கள் பாதி, வம்பு வாங்க வந்தவர்கள் பாதி. இந்தக் கதையை நான் ஆரம்பித்தபோது மூன்று பேர் நின்றார்கள். ஸ்கூலில் டிரில் மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆன ஆம்ப்ரோஸ் சார், ஆட்டோ ஓட்டும் கருணாகரன், கடையைத் திறந்துபோட்டுவிட்டுச் சட்டை வாங்க வந்த ஜவஹர்.

"இன்னா நைனா, இன்னிக்கு யார் தலையை உருட்டப் போற?" என்றான் கருணாகரன்.

"தலையை உருட்டல. ஒரு தலைக்குக் கும்பிடு போடப் போறேன்" என்றேன்.

விஷயம் இதுதான். இந்தத் தெருவில் எனக்குத் தெரியாதது எதுவும் கிடையாது. துணி எல்லாவற்றையும் சொல்லிவிடும். பட்டு வேட்டி வந்தால் வீட்டில் விசேஷம். ஒரே வெள்ளைச் சட்டை அவசரமாக வந்தால் இன்டர்வியூ. புருஷன் பெண்டாட்டி துணி தனித்தனி மூட்டையாக வந்தால் சண்டை. ஊரில் போலீஸ் நாய்க்குக்கூட மோப்பம் தப்பும், எனக்குத் தப்பாது. அப்படிப்பட்ட எனக்கே ஒன்றும் பிடிபடாத ஒரே ஆள், மாடி வீட்டு விஜயலக்ஷ்மி மாமி.

மாமி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் போட்டுக் கொடுத்தவர். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் ஒரு காலத்தில் நம்பரைச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும் இல்லையா? அந்தப் பக்கத்தையும் இந்தப் பக்கத்தையும் ஒரு பெரிய போர்டில் வயர் சொருகிச் சேர்த்து வைத்தவர் மாமிதான். காலமெல்லாம் ஹெட்போன் மாட்டி மாட்டி, எல்லோருக்கும் நெடுக்கே விழுகிற வகிடு மாமிக்குக் குறுக்கேயும் விழுந்துவிட்டது. (இதைக் கொஞ்சம் இழுத்திருக்கிறேன்.) வயரைச் சொருகும்போது பேசுவது காதில் விழத்தான் செய்யும். எத்தனை சாவு, எத்தனை பிரசவம், எத்தனை காதல், எத்தனை கள்ளக்கணக்கு! நான் ஒரு தடவை கேட்டே விட்டேன்.

"மாமி, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்களேன். நல்ல காரமா ஒண்ணு."

"கேட்டது என் காது இல்லப்பா. போர்டோட காது. அதை ஆபீஸ்லயே கழட்டி வெச்சுட்டு வந்துட்டேன்" என்று சொல்லிப் புடவையை எண்ணி வாங்கிக்கொண்டு போய்விட்டார். செத்துப்போன மாமாவிடம்கூட ஒரு வார்த்தை சொன்னதில்லையாம்.

இந்த மாமிக்கு ஒரே பெண், ஷ்ரேயா. தி.நகர் வெங்கடரமணன் சாரின் பையனுக்குக் கட்டிக் கொடுத்து அமெரிக்கா போய்விட்டாள். போன் பேசினால் பேச ஆரம்பிக்கும் முன்பே நேரம் முடிந்துவிடும். அதனால் இ-மெயில் போடச் சொன்னாள் பெண். மாமி ஜவஹர் கடைக்குப் போனார்.

ஜவஹர் கடையின் நடைமுறையைச் சொல்லாவிட்டால் கதை புரியாது. தெருவில் இருக்கிற பெரியவர்கள் எல்லோருக்கும் அவன்தான் மெயில் பெட்டி திறந்து கொடுத்தான். பாஸ்வேர்டு மறந்துபோகக் கூடாதே என்று எல்லோருக்கும் ஒரே வழி வைத்தான்: பிள்ளையுடைய ஜன்ம நட்சத்திரம், பக்கத்தில் பிறந்த தேதி. ஆம்ப்ரோஸ் சார் மாதிரி மாதா கோயில்காரர்களுக்குப் பிள்ளையின் ஞானஸ்நானப் பெயர். காலையில் கடை திறந்ததும் எல்லார் பெட்டியையும் அவனே திறந்து, புதிதாக வந்ததைப் பிரிண்ட் எடுத்து, வாசலில் கயிறு கட்டித் துணி கிளிப்பில் மாட்டிவிடுவான். கிளிப் சப்ளை அடியேன். கோயிலுக்குப் போகிறவர்கள் போகிற வழியில் எடுத்துக்கொள்ளலாம். எடுக்கிறவரைக்கும் தெருவே படிக்கலாம். யார் பெண்ணுக்கு வாந்தி, யார் பிள்ளைக்கு வேலை போச்சு, எல்லாம் பெற்றவர்களுக்குத் தெரியும் முன்னால் பால்காரருக்குத் தெரியும்.

"அது சேவை நைனா!" என்று இடையில் புகுந்தான் ஜவஹர். "கண்ணு தெரியாதவங்க எத்தினி பேர் என்னை வாழ்த்திக்கினு போறாங்க தெரியுமா?"

"அந்த போர்டு கூட சேவைதானா?" என்றேன்.

போர்டு என்றால், கடை வாசலில் சிவப்புப் பெயின்ட்டில் அவன் எழுதி மாட்டியிருக்கும் போர்டு: "பாஸ்வேர்டு மறந்ததா? கவலை வேண்டாம்! நட்சத்திரம் போதும்!"

நம் தெருக்காரர்கள் பெண்ணுடைய ஜாதகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? பத்து ஜெராக்ஸ் எடுத்து மாம்பலம், மயிலாப்பூர், மாயவரம் என்று ஊர் முழுக்கக் கொடுப்பார்கள். கல்யாணச் சத்திரத்தில் பந்தி விசாரிக்கிறவர் கையில்கூட ஒரு காப்பி இருக்கும். அதே நட்சத்திரத்தைப் பெட்டிக்குப் பூட்டாகவும் போட்டுக்கொண்டார்கள். பூட்டு நம்முடையது, சாவி ஊருக்கு. இதில் இருந்த விபரீதம் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். நான் கிளிப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமி முதல் நாள் போனபோது நான் அங்கேதான் இருந்தேன். ஜவஹர் தட்டிக்கொண்டே கேட்டான்.

"வயசு சொல்லுங்க மாமி."

"தபால் பெட்டி வெக்கறதுக்கு என் வயசு என்னத்துக்கு?"

"கேக்கறான் மாமி. வேலை, வருமானம் எல்லாம் கேக்கறான். குடுத்துட்டுப் போவோம்."

"அது கிடக்கட்டும். நான் எழுதினா என் பொண்ணுக்குப் போய்ச் சேரும். நடுவுல யாருப்பா இருக்கா?"

"நடுவுல யாரும் இல்ல மாமி. நேரா அமெரிக்கா!"

மாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானும் அப்படித்தான் சொல்லுவேன். 'நேரா கனெக்ட் பண்ணிட்டேன் சார், பேசுங்கோ'ன்னு. நடுவுல நான் இருந்தேன்."

சொல்லிவிட்டு, ஜவஹர் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லி, பெண்ணின் சதய நட்சத்திரத்தையே பூட்டாகப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். தினம் காலையில் கயிற்றில் மாமியின் மெயில் தொங்கும். நாங்கள் ஆவலாகப் போவோம், எனக்கும் சேர்த்துக் கருணாகரன் உரக்கப் படிப்பான். "அம்மா, வத்தக்குழம்புக்குப் புளி எவ்வளவு?" அவ்வளவுதான். மறுநாள், "அம்மா, ரசம் தெளியவில்லை, என்ன செய்ய?" தெருவில் எல்லோரும் அந்தப் பெண்ணின் ரசத்துக்காகவே கவலைப்பட ஆரம்பித்தோம்.

அந்தப் பக்கம் நடந்தது வேறு. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது, போன வாரம் ஷ்ரேயாவே இந்த வண்டிக்குப் பக்கத்தில் நின்று சொன்னது. உங்களுக்குக் குழப்பம் வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். அவள் புருஷன் கை நீட்டி அடிக்கிறவன். ஒரு நாள் அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினதில் எலும்பில் விரிசல் விழுந்துவிட்டது. அவள் கையில் கட்டோடு வீட்டை விட்டு வெளியேறி, வேறு ஊரில் ஒரு தோழி வீட்டில் தங்கி, வேலை தேடிக்கொண்டு, விவாகரத்துக்கு வக்கீலையும் பார்த்தாள். அவன் தேடிக்கொண்டிருந்தான். விலாசம் தெரிந்தால் வாசலில் வந்து நிற்பான். நின்றால் என்ன செய்வான் என்று அவளுக்குத் தெரியும். அந்த விலாசம் இந்த உலகத்தில் இன்னும் ஒரே ஒருத்தருக்குத்தான் தெரிந்திருந்தது. மாமிக்கு.

அப்போதிலிருந்து மாமி, தெருவே சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிற மத்தியான வேளையில் கடைக்கு வர ஆரம்பித்தார். முதுகுப் பக்கம் சுவர் இருக்கிற மூலை மிஷினில்தான் உட்காருவார். ஜவஹர் பக்கத்தில் போனால், "நீ போய்க் காத்தாட உக்காரு" என்பார். முடித்து எழுந்திருக்கும்போது மிஷினை அணைத்துத் திரும்பப் போடச் சொல்வார்.

"தினம் அமத்தி அமத்திப் போட்டா மிஷின் செத்துடும் மாமி!"

"சாகட்டும். போர்டை விட்டு எழுந்துண்டா எல்லா வயரையும் பிடுங்கிட்டுத்தான் எழுந்துக்கணும். நான் போன அப்புறம் வர்றவாளுக்கு என் பேச்சோட மிச்சம் எதுக்கு?"

நாங்கள் என்ன நினைத்தோம்? மாமிக்கு வயசாகிவிட்டது, கொஞ்சம் கழன்றுவிட்டது என்று நினைத்தோம். ரசத்துக்கு இவ்வளவு ரகசியமா!

"நான் அப்பவே சொன்னேன், மாமி ஏதோ ஷேர் மார்க்கெட் ஆடுதுன்னு" என்றார் ஆம்ப்ரோஸ் சார்.

"நீங்க சொன்னது சீட்டுக் கம்பெனி சார்" என்றான் கருணாகரன். "அப்புறம் இன்னா ஆச்சு, சொல்லு. தி.நகர்லேந்து அந்த சாரை இட்டாந்தது நம்ம வண்டிதான்."

ஆமாம், கருணாகரன்தான் கொண்டுவந்து இறக்கினான். வெங்கடரமணன் சார், மாமியின் சம்பந்தி. நல்ல மனுஷர், மெதுவான குரல், நெற்றியில் பளிச்சென்று திருமண். முதலில் என்னிடம்தான் வந்தார், கையில் ஒரு கசங்காத சட்டையோடு. கசங்காத சட்டையை எவன் இஸ்திரி போடக் கொண்டுவருவான்? அப்போதே எனக்கு மூக்கு அரித்தது.

"மாடியாத்து மாமிக்குப் பொண்ணுகிட்டேந்து ஏதாவது சேதி வந்துதோ?" என்றார்.

"ரசம் தெளியலையாம் சார்."

"எம் பிள்ளை அங்கே தவிச்சுண்டு இருக்கான். பொண்ணு கோவிச்சுண்டு எங்கேயோ போயிட்டாளாம். எங்கே இருக்கான்னு தெரிஞ்சா போறும்."

எதிரே போர்டு கண்ணில் பட்டது அவருக்கு. படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு பைக்குள் கையை விட்டு ஒரு காகிதத்தை எடுத்தார். கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்க்க மாமி தன் கையாலேயே கொடுத்த ஜாதகம்! மஞ்சள் தடவின மூலைகூட அப்படியே இருந்தது. மாமியின் மெயில் முகவரியை நல்ல நாளில் அவரிடம் கொடுத்திருந்தார்கள். அதுவும் கையில் இருந்தது.

நான் ஜவஹரின் சட்டையைக் கொடுக்கிற சாக்கில் பின்னாலேயே ஓடினேன். ஜவஹர் அந்த நேரம் பார்த்து டீக்குப் போயிருந்தான்.

"மூத்திரத்துக்கு" என்றான் ஜவஹர்.

எதற்கோ போயிருந்தான். வெங்கடரமணன் சார் உட்கார்ந்தார். அவர் தோளுக்குப் பின்னால் போய் நின்றேன் நான். சதயம் என்று முணுமுணுத்துக்கொண்டே அடித்தார். தேதியை அடித்தார். ஒரு தட்டு தட்டினார். பெட்டி திறந்துகொண்டது! கோயில் கதவு மாதிரி, ஒரு முனகல்கூட இல்லாமல்.

ஊர் பேர் தெரியாத ஏதோ ஒரு தெருவில் அந்தப் பெண் கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், இங்கே அபிராமபுரத்தில் அந்தக் கதவு திறக்கிறது! நான் படிக்காதவன். ஆனால் அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு இன்டர்நெட் என்றால் என்னவென்று புரிந்துபோயிற்று. அது தபால் இல்லை, போன் இல்லை. உலகத்து வாசல்கள் எல்லாம் ஒரே தெருவில் வந்து நிற்கிற இடம் அது.

சார் ஒவ்வொன்றாகத் திறந்து முணுமுணுத்தார். வத்தக்குழம்பு. ரசம். மோர்க்குழம்பில் உப்பு. அவியலுக்குத் தேங்காய். திறக்கத் திறக்கச் சமையல். மாயாபஜார் மாதிரிச் சாப்பாடு வந்துகொண்டே இருந்தது, பெண் மட்டும் வரவில்லை. கடைசியாக ஒன்று இருந்தது. அது ஷ்ரேயா எழுதினது இல்லை. மாமி தனக்குத் தானே போட்டு, தானே திறந்தும் வைத்த மெயில். புதுசை மட்டும் எடுக்கிற ஜவஹர் கண்ணில் அது படவில்லை. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். எனக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது. சார் வாய்விட்டுப் படித்தார், குரல் படிப்படியாக இறங்கியது.

"சம்பந்தி, சௌக்கியமா? ஜாதகத்தை நான்தானே குடுத்தேன், நீங்க வருவேள்னு தெரியும். இங்கே ரசம்தான் இருக்கு. மாடிக்கு வாங்கோ, காபி போட்டு வெக்கறேன். கேக்க வேண்டியதை என் முகத்தைப் பாத்துக் கேளுங்கோ."

தேதியைப் பார்த்தால், அவர் வருவதற்கு ஒரு மாசம் முன்னால் எழுதினது!

"அடேங்கப்பா!" என்றான் கருணாகரன். ஆட்டோ சாவி அவன் விரலிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது, அவன் எடுக்கவில்லை. ஆம்ப்ரோஸ் சார் சிலுவை போட்டுக்கொண்டார். "மாதாவே, என்ன பொம்பளடா அது!"

சார் எழுந்து மாடிக்குப் போனார். மாமியின் புடவைகள் மூன்று என்னிடம் தயாராக இருந்தன. மூன்றையும் ஒரே தடவையில் கொடுப்பேனா? ஒன்றைக் கொடுத்துவிட்டு இறங்கி, அடுத்ததை எடுத்துக்கொண்டு ஏறினேன். அதனால் பேச்சு முழுவதும் காதில் விழுந்தது.

காபி ஆற்றிக் கொடுத்தார் மாமி. சார் டபராவையே பார்த்துக்கொண்டு, "ஷ்ரேயா எங்கே?" என்றார்.

"பத்திரமா இருக்கா. உங்களுக்குச் சேதி அவ்வளவுதான்."

"நான் அவ மாமனார்."

"அதனாலதான் காபி. விலாசம் கிடையாது."

"ஆம்படையானுக்குத் தெரியாம ஒரு பொண்ணு..."

மாமி ஒரு கவரை எடுத்து, அதிலிருந்த ஷ்ரேயாவின் மணிக்கட்டு எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். சார் பார்த்தார். அந்தப் படத்தில் சின்னதாக ஒரு கீறல். எனக்கே வாசற்படியிலிருந்து தெரிந்தது. அவருக்குப் பையன் சொன்ன கதையில் அந்தக் கீறல் இல்லை போலிருக்கிறது. காபியை வைத்துவிட்டார். பையைத் திறந்து, ஜாதகத்தை எடுத்து, மேஜை மேல் வைத்து, மாமி பக்கம் தள்ளினார்.

"இது இனிமே எங்காத்துல இருக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, என்னைத் தாண்டி இறங்கிப் போனார். கசங்காத சட்டையைத் திரும்ப வாங்க வரவே இல்லை. இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

"ஆமா, திரும்பிப் போசொல்லோ மீதி சில்லறைகூட வாங்கல அந்த சாரு" என்றான் கருணாகரன் மெதுவாக.

அப்போ, பெண் எழுதின நிஜ மெயில் எல்லாம் எங்கே போயிற்று? இங்கேதான் இருக்கிறது வேடிக்கை. அதே கடையில், அதே மூலை மிஷினில், எங்கள் மூக்குக்குக் கீழே, மாமி இன்னொரு பெட்டி திறந்து வைத்திருந்தார். ஜவஹரிடம் கேட்கவில்லை. அவன் தட்டியதைப் பார்த்தே கற்றுக்கொண்டார். அது மாமி பெயரில் இல்லை. ஒரு தாத்தா பெயரில். வயசு தொண்ணூறு. தொழில் பயில்வான். பிரம்மச்சாரி. ஊர் சைதாப்பேட்டை. பொழுதுபோக்கு பட்டம் விடுவது. "வயசு கேக்கறான், வருமானம் கேக்கறான்னா, கேக்கறவனுக்கு ஏத்தாப்பல நான் ஒரு ஆளைப் பண்ணிக் குடுத்துட்டேன்" என்றாராம் பெண்ணிடம். அந்தத் தாத்தாவை நம்பி யார் யாரோ கசரத்து சாமானும் முடி வளர்கிற தைலமும் வாங்கச் சொல்லி எழுதினார்களாம். அதற்குப் பூட்டு எந்த நட்சத்திரமும் இல்லை. என்னவென்று ஷ்ரேயாவுக்கே தெரியாது.

நினைத்துப் பாருங்கள். நாங்கள் தினமும் கயிற்றில் ரசம் படித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் எதிரே ஒரு தொண்ணூறு வயசுப் பயில்வான் உட்கார்ந்து ஒரு பெண்ணின் உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். வானத்தில் சாட்டிலைட் விடுகிறவனைப் பெரிய ஆள் என்கிறார்கள். நான் இனிமேல் மாமியின் புடவையைத் தனியாகத்தான் வைப்பேன், மற்ற துணியோடு கலக்க மாட்டேன்.

ஷ்ரேயா லீவில் வந்துவிட்டு நேற்றுத் திரும்பிப் போய்விட்டாள். கேஸ் இன்னும் முடியவில்லை. அவனும் தேடுவதை விடவில்லை. போகும்போது என்னிடம் சொன்னாள். "இதை நாலு பேருக்குச் சொல்லுங்கோ. இந்தத் தெருவுல பொண்ணை வெளியூர் அனுப்பினவா எல்லாருக்கும் தெரியட்டும். அந்தத் தாத்தா பேரை மட்டும் சொல்லிடாதீங்கோ. அப்புறம், எதிர்க்க இருக்கற அந்த போர்டைக் கழட்டச் சொல்லுங்கோ."

"இன்னாது, என் போர்டையா?" என்றான் ஜவஹர்.

"அத்த வுடு. தாத்தா பேரு இன்னா நைனா?" என்றான் கருணாகரன்.

"அது சொல்ல முடியாது."

"நீயா சொல்ல மாட்ட? உனக்கே தெரியாது. உன் வாயில எந்த ரகசியம் தங்கிச்சு, இது தங்கறதுக்கு?"

"தெரியும். சொல்ல மாட்டேன்."

அவன் வாயைப் பிளந்தான். நிஜமாகச் சொல்கிறேன், எனக்கே என்னைப் பார்த்து ஆச்சரியமாக இருந்தது.

"என் கடையில நடந்தது, எனக்கே சொல்லமாட்டியா?" என்று எகிறினான் ஜவஹர். "யாரோ ஒருத்தர் வூட்டு சண்டைக்கு நான் போர்டைக் கழட்டணுமா? பெயின்ட் அடிச்சு ஒரு வருசம் ஆவல!"

ஆம்ப்ரோஸ் சார் அதுவரை ஏதோ யோசித்துக்கொண்டிருந்தார். "ஜவஹர், அப்ப என் பொட்டிக்குப் பூட்டு..."

"அந்தோணியார் பேருதானே சார்" என்றான் கருணாகரன். "ஊருக்கே தெரியும். உங்க ஆஸ்டின் துபாய்லேந்து, 'அப்பாகிட்ட சொல்லாதீங்கம்மா, வேலை போச்சு'ன்னு எழுதனத நான் கிளிப்புல படிச்சேனே!"

"வேலை போச்சா?" ஆம்ப்ரோஸ் சாரின் முகம் வெளுத்தது, பிறகு சிவந்தது. "டேய் ஜவஹர்! எம் பையன் சமாச்சாரத்த எனக்குத் தெரியாம தெருவுல காயப்போட்டியாடா?"

"உங்க வூட்டு அம்மாதான் தெனமும் எடுத்துக்கினு போனாங்க சார், நான் இன்னா பண்ணட்டும்? கிளிப்பு குடுத்தவனைக் கேளு!"

"என்னைக் கேளா? கிளிப்பா போயி பொட்டியைத் தொறந்துச்சு? போர்டைக் கழட்றா மொதல்ல!" என்றேன் நான்.

"கழட்ட மாட்டேன்! தொட்டுப் பாரு!"

"தொடறேன்டா!" என்று டிரில் மாஸ்டர் பனியன் தெரியக் கையை மடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்தார். ஜவஹர் குறுக்கே பாய்ந்தான். கருணாகரன் ஜவஹரின் காலரைப் பிடித்தான். நான் கருணாகரனின் கையைப் பிடித்தேன்.

"வுடு நைனா!"

"வுட மாட்டேன், இப்பத்தான் இஸ்திரி போட்ட சட்டைடா அது!"

"மாதாவே, ஒரு ஸ்டூல் குடுங்கடா யாராவது, எட்ட மாட்டேங்குது!" என்று எதிர்ப்புறத்திலிருந்து கத்தினார் ஆம்ப்ரோஸ் சார்.